வரிசையில் நின்ற லிஃப்ட்காரர்

மார்ச் 4

லிஃப்ட்காரருக்கு,

இனிமே நீங்க போன் பண்ணா எடுக்க மாட்டேன். கோபத்துல சொல்லல, யோசிச்சுத்தான் சொல்றேன். சொல்ல வேண்டியதை எழுதுங்க. வாயால கொட்டுற மாதிரி கையால கொட்ட முடியாது, நடுவுல பேனா நிக்கும், கொஞ்சமாவது யோசிப்பீங்க.

ஞாயித்துக்கிழமை நீங்க கத்தினப்போ கையில ரப்பர் உறை மாட்டியிருந்தேன். அதனால போனை மேஜை மேல வச்சு ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். "ஊர் ஆம்பளைங்களுக்கு இடுப்புக்குக் கீழ என்ன நடக்குதுன்னு விசாரிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? அந்த டாக்டரோட பஸ்ல சுத்தத்தான் வீட்டை விட்டுப் போனியா?"ன்னு நீங்க கேட்டது டிரைவருக்குக் கேட்டுச்சு. ரத்தம் குடுக்கக் கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த பெரியவருக்குக் கேட்டுச்சு. டாக்டருக்கும் கேட்டுச்சு. அவங்க சிரிச்சாங்க. ஆமா, அவங்கதான். டாக்டர் ஒரு பொம்பளை. பேரன் பேத்தி எடுத்தவங்க, மூட்டு வலியோட பஸ் படியில பக்கவாட்டுலதான் இறங்குவாங்க. நீங்க ஒரு தடவைகூட விசாரிக்கல. எடுத்த எடுப்புல சந்தேகப்பட்டீங்க.

எதுக்கு இந்த வேலைக்கு வந்தேன்னு உங்களுக்குத் தெரியும். உங்க அண்ணன் முதுகு வலின்னு வருஷக்கணக்கா தைலம் தேய்ச்சுக்கிட்டிருந்தார். புராஸ்டேட்ல வந்த புற்றுநோய் எலும்புக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்சப்போ ஆஸ்பத்திரியில செய்யறதுக்குப் பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. அவரைத் துடைச்சுவிட்டது நான். தண்ணி குடுத்தது நான். அப்போவே முடிவு பண்ணேன், ஒரு வருஷமாவது இந்தப் பரிசோதனை வண்டியில நர்ஸா சுத்துறதுன்னு.

வண்டின்னா பெரிய பஸ்தான். சீட்டெல்லாம் கழட்டிட்டு உள்ள ரெண்டு ரூம் வச்சிருக்காங்க. முன்னாடி ரத்தம் எடுக்கிற இடம், பின்னாடி டாக்டர் பேசுற இடம். வெளியே மடக்கு மேஜை, அதுக்கு முன்னாடி ஆம்பளைங்க வரிசை. எல்லாரும் வேற எதுக்கோ வந்த மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு நிப்பாங்க. இப்போ இந்த ஊர் நீச்சல்குளத்துக் கட்டடத்து வாசல்ல நிக்கிறோம். இங்கே பயிற்சி குடுத்து ரிட்டயரான ஒருத்தர் இருக்கார், எல்லாரும் நீச்சல் வாத்தியார்னுதான் கூப்பிடுவாங்க. அவர் மட்டும் இல்லேன்னா ஒரு ஈ காக்கா வந்திருக்காது. தன்கிட்ட நீச்சல் கத்துக்கிட்டவங்களையெல்லாம், இப்போ அவங்களுக்கே தொப்பையும் நரையும் வந்தாச்சு, வீடு வீடாப் போய் இழுத்துட்டு வர்றார். அவருக்கும் இந்த நோய் வந்து, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு, குணமாச்சாம். அதை மைக் பிடிச்ச மாதிரி எல்லார்கிட்டயும் சொல்றார். அவர் மாதிரி ஆளுங்க நாலு பேர் இருந்தாப் போதும்.

அண்ணனுக்கு வந்திருந்தா தம்பி மத்தவங்களை விட முன்னாடியே பார்த்துக்கணும். உங்களுக்கு அம்பத்திரண்டு. ஒரு ரத்தப் பரிசோதனைதான். யோசிங்க.

உங்க வீட்டுக்காரி

*

மார்ச் 12

நர்ஸம்மாவுக்கு,

டாக்டர் பொம்பளைன்னு தெரியாது. அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடு.

வாத்தியார் பொம்பளை இல்லியே?

உன் கடிதத்துல எனக்கு விழுந்தது பூரா திட்டு. அந்த ஆளுக்கு மட்டும் பாராட்டுப் பத்திரம். நான் தினமும் கட்டடம் கட்டடமா ஏறி இறங்குறேன். லிஃப்டு நடுவுல நின்னு உள்ள மாட்டிக்கிட்டு அழுதவங்களை வெளியே கொண்டாந்திருக்கேன். என்னைப் பத்தி நீ யார்கிட்டயாவது இப்படி ஒரு வரி எழுதியிருப்பியா? நீச்சல்காரன்னா உடம்பு கட்டா இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். எனக்கு மெஷின் ரூம்ல குனிஞ்சு குனிஞ்சு கூன் விழுந்துடுச்சு. புரியுது.

வீட்டு நிலவரம் கேட்டா எழுதலாம். நீ கேட்கல. வாஷிங் மெஷின் தண்ணியை வெளிய விடுது, லிஃப்ட் சரி பண்றவன் வீட்டுல வாஷிங் மெஷின் சரியில்லன்னு பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார். சமைச்சதைச் சாப்பிட ஆளில்லாம ரெண்டு நாள் வச்சு சாப்பிடுறேன். மகள் வாரம் ஒருதரம் போன் பண்ணி "அம்மாகிட்ட பேசுனீங்களா"ன்னு கேட்டுட்டு வச்சிடுறா. என்னமோ நான் பிரின்சிபால் ரூம் வாசல்ல நிக்கிற மாதிரி.

வாசல்ல வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் நீ உட்கார்ந்து பொறுமையா, "தடையில்லாம வருதா, எரிச்சல் இருக்கா, குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா"ன்னு கேட்பேல்ல? இத்தனை வருஷத்துல என்கிட்ட அப்படிப் பக்கத்துல உட்கார்ந்து கேட்டிருக்கியா? எனக்கு உத்தரவுதான் வரும். "யோசிங்க"ன்னு. முன்னப்பின்ன தெரியாதவனுக்குப் பொறுமை, புருஷனுக்கு உத்தரவு.

நான் நல்லாத்தான் இருக்கேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல.

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 20

லிஃப்ட்காரருக்கு,

கேட்டேன். அண்ணன் போன மறுவாரம் சாப்பிட உட்கார்ந்தப்போ கேட்டேன். நீங்க டிவி சத்தத்தைக் கூட்டினீங்க. அப்புறம் மகள் வீட்டுக்குப் போற வழியில ரயில்ல கேட்டேன். "நாலு பேர் இருக்கிற இடத்துல இதென்ன பேச்சு"ன்னு ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இப்போதான வந்தேன், உட்காரக்கூட விடமாட்டியா"ன்னீங்க. அதுக்கப்புறம்தான் உத்தரவு போட ஆரம்பிச்சேன்.

தொந்தரவு இல்லங்கறீங்க. தொந்தரவு இல்லாதப்போ பார்க்கிறதுதாங்க இந்தப் பரிசோதனையே. ஆரம்பத்துல அது ஒண்ணுமே காட்டாது. அடிக்கடி பாத்ரூம் போறது பெரும்பாலும் வயசாகி சுரப்பி வீங்கறதால, அது வேற சமாச்சாரம். இதையெல்லாம் டாக்டர் ஒவ்வொருத்தருக்கும் விளக்குறாங்க. எல்லாரையும் பிடிச்சுக் கட்டாயப்படுத்துறதும் இல்ல. இந்தப் பரிசோதனையில வீண் பயமும் வரும், ஒண்ணும் பண்ணாம விட்டிருந்தா சும்மாவே கிடந்திருக்கக்கூடிய கட்டிக்கு வைத்தியம் பண்ணி அவஸ்தைப்படறவங்களும் இருக்காங்க, தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றாங்க. ஆனா உங்க குடும்பத்துக்கு யோசிக்க நிறைய நேரம் இல்லன்னு எனக்குத் தோணுது.

வாத்தியாரைப் பத்திக் கேட்டீங்க. பூசி மெழுகாம சொல்றேன். முந்தாநாள் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். அவர் சம்சாரம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுட்டு, ஓடிடுவாரோன்னு வண்டிக் கதவுக்குக் குறுக்க நின்னுது. அந்த மனுஷன் வேர்த்து விறுவிறுத்துப் போயிட்டார். வாத்தியார் பக்கத்துல உட்கார்ந்து, "எனக்கு வைத்தியம் பார்த்தப்போ கொஞ்ச நாள் சிரிச்சாக்கூட நனைஞ்சிடும்யா. துக்க வீட்டுக்குப் போனாத்தான் நிம்மதியா இருக்கும்"னார். கண்டக்டர் சிரிச்ச சிரிப்புல பஸ்ஸே ஆடுச்சு. அப்புறம் தானா கையை நீட்டினார்.

அவர்கிட்ட ஒண்ணு கேட்டா பதில் வருது. வலிக்குதுன்னா வலிக்குதுங்கறார். பயமா இருந்துச்சுன்னா பயம்ங்கறார். சம்சாரம் போய் ரொம்ப வருஷமாச்சு, மதியம் எங்களோட டீ குடிக்கிறார், பழைய கதை பேசுறார். எனக்கு அந்தப் பேச்சு பிடிச்சிருக்கு. அதுக்கு வயிறு எரிஞ்சா எரியட்டும்.

வாஷிங் மெஷின்ல அடியில ஒரு வடிகட்டி இருக்கும். உங்க காலுறை மாட்டியிருக்கும், பாருங்க.

உங்க வீட்டுக்காரி

*

ஏப்ரல் 9

என்னங்க,

இருபது நாளா உங்ககிட்ட இருந்து கடிதம் இல்ல. அது போகட்டும். நேத்து நீங்க இங்கே வந்தீங்களா?

இந்தக் கட்டடத்து லிஃப்ட் நாங்க வந்ததுல இருந்து வேலை செய்யல. வாட்ச்மேன் அதுக்குள்ள துடைப்பமும் வாளியும்தான் வச்சிருந்தார். நேத்து மதியம் நான் சாப்பிட்டுட்டுத் திரும்பி வர்றேன், லிஃப்ட் மேலயும் கீழயும் போய்ட்டிருக்கு. குளத்துக்கு வந்த பசங்க சும்மா ஏறி இறங்குதுங்க. "யாரோ ஒருத்தர் வந்தாரு, கதவுப் பக்கமே ரொம்ப நேரம் நின்னு பார்த்தாரு, அப்புறம் தாங்க முடியாம அவரே திறந்து சரி பண்ணிட்டாரு, பத்து பைசா வாங்கல"ன்னு வாட்ச்மேன் சொல்றார். போய்ப் பார்த்தேன். கண்ட்ரோல் பெட்டிக்குள்ள ஒயரை மூணு முறுக்கு முறுக்கி நுனியை மடக்கி விட்டிருக்கு. நம்ம வீட்டு மிக்ஸியில இருந்து இஸ்திரிப் பெட்டி வரைக்கும் எல்லா ஒயரும் அப்படித்தான் இருக்கு.

இவ்வளவு தூரம் வந்துட்டு என் முகத்தைப் பார்க்காமப் போனீங்களா?

*

ஏப்ரல் 16

நர்ஸம்மாவுக்கு,

வந்தேன். வேவு பார்க்கத்தான் வந்தேன். மறைச்சு என்ன ஆகப்போகுது.

எதிர்ப்பக்கம் சைக்கிள் நிறுத்துற இடத்துல நின்னேன். நீ மடக்கு மேஜையில உட்கார்ந்திருந்தே. நீலச் சட்டை, நான் பார்க்காத சட்டை. அந்த ஆள் உன் பக்கத்துல நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சாய்மானத்து மேல கையை வச்சு உட்கார்ந்து ஏதோ சொல்றார். நீ வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கிறே. எங்கிட்ட நீ அப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு நினைச்சுப் பார்த்தேன், ஞாபகம் வரல. அப்படியே திரும்பிப் போயிடலாம்னு கிளம்பினேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. கட்டடத்துக்குள்ள ஒதுங்கினேன், அங்கே லிஃப்ட் அந்தக் கோலத்துல நிக்குது. பார்த்துட்டு சும்மா வர முடியல.

கையில கிரீஸோட வெளியே வந்தா அந்த ஆள் எதிர்ல நிக்கிறார். தோள்ல கையைப் போட்டு, "வரிசையில நிக்க வெட்கப்பட்டுக்கிட்டு லிஃப்டுக்குள்ள ஒளிஞ்ச முதல் ஆள் நீங்கதான்"னார். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்ல. உதறிட்டுப் போயிருக்கலாம். "பயமா இருந்தா பரவாயில்ல, இன்னொரு நாள் வாங்க"ன்னார். அந்த ஒரு வார்த்தைதான். அவர் குத்திக்கிட்ட ஊசியை நான் குத்திக்க மாட்டேனா? நேரா போய் வரிசையில நின்னேன். நீ சாப்பிடப் போயிருந்தே. வேற பொண்ணு எழுதிக்கிச்சு. டாக்டரம்மா அண்ணனைப் பத்தியெல்லாம் கேட்டாங்க. நல்லது கெட்டது ரெண்டையும் சொன்னாங்க. குடுத்துட்டு வந்துட்டேன்.

திருப்திதானே? இனிமே இந்தப் பேச்சை விடு. அந்த நீலச் சட்டை எப்போ வாங்கினே?

*

மே 22

உங்களுக்கு,

மடி மேல வச்சு எழுதுறேன், எழுத்துக் கோணலா இருந்தா மன்னிச்சுக்கங்க. மன்னிக்காட்டியும் போங்க.

நீங்க ரத்தம் குடுத்தது தெரிஞ்சதும் சந்தோஷத்துல உடனே பதில் போட்டேன். ரிசல்ட் என்னன்னு கேட்டேன். மகள் மூலமா "வந்துடுச்சு, பயப்பட ஒண்ணுமில்ல"ன்னு சொல்லி அனுப்பினீங்க. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "நீ கேட்கவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது. உன் வீட்டுக்காரரைக் கேளு"ன்னுட்டாங்க. சரி, நல்ல செய்தின்னா சொல்லத்தானே செய்வார்னு, இல்ல, கெட்ட செய்தின்னா சொல்லத்தானே செய்வார்னு, ரெண்டு விதமாவும் மனசைத் தேத்திக்கிட்டேன்.

இன்னைக்கு மதியம் வாத்தியார் டீ குடிக்க வந்தார். "சிஸ்டர், எனக்கு ஒரு புது சிநேகிதர் கிடைச்சிருக்கார், அன்னைக்கு இந்த லிஃப்டைச் சரி பண்ணிட்டு நம்ம வரிசையில நின்ன மெக்கானிக், ரிசல்ட் வந்ததும் எனக்குத்தான் போன் பண்ணார். தங்கமான மனுஷன். ரத்தத்துல பி.எஸ்.ஏ. அளவு கூட இருந்துச்சு, மறுபடி எடுத்தும் குறையல. ஸ்கேன் எடுத்தாங்க, அதுல ஒரு இடம் சந்தேகமா இருந்துச்சு. போன வாரம் சதை எடுத்துப் பரிசோதிச்சாங்க. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். பாவம், வீட்டுல சொல்லவே பயப்படுறார். சம்சாரம் ஒரு பொல்லாத நர்ஸாம்"னார். நான் அவருக்கு டீ ஊத்திக்கிட்டிருந்தேன். கோப்பை நிரம்பி மேஜையில வழிஞ்சு அவர் வேட்டியெல்லாம் ஆனப்புறம்தான் எனக்கு சுயநினைவு வந்துச்சு.

அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. வண்டிக்குள்ள போய் திரையை இழுத்து விட்டுட்டு அழுதேன்.

ஸ்கேனுக்கு உள்ள போறப்போ உங்க வாட்சையும் பர்ஸையும் யார் கையில குடுத்தீங்க? அவர் கையில. ஊசி போட்டு சதை எடுத்து முடிச்சு எழுந்திருக்க முடியாம உட்கார்ந்திருந்தப்போ தண்ணி வாங்கிக் குடுத்தது யாரு? அவர். பயமா இருக்குன்னு உங்க வாயால சொன்னீங்களாமே? உங்க வாயில இருந்து அந்த வார்த்தை வரும்னு எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாள்ல இருந்து காத்துக்கிட்டிருக்கேன், ஒரே ஒரு தடவை எங்கிட்ட சொல்ல மாட்டாரான்னு. யாரோ ஒருத்தருக்கு, பார்த்து ரெண்டு மாசம்கூட ஆகாதவருக்கு, சுலபமா சொல்லிட்டீங்க. எத்தனையோ பேருக்குத் தைரியம் குடுத்த என் கை, நீங்க படுத்திருந்தப்போ இங்கே பஞ்சைக் கிழிச்சு டப்பாவுல அடுக்கிக்கிட்டிருந்துச்சு.

எனக்கு அந்த மனுஷன் மேல பொறாமையா இருக்கு. பத்திக்கிட்டு எரியுது. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்போதான் தெரியுது, ஆனா அதுக்காக உங்களை விட்டுட மாட்டேன்.

ரிசல்ட் வந்துச்சா? எனக்கு முதல்ல சொல்லுங்க. அவருக்கு முதல்ல சொன்னீங்கன்னு தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

*

மே 29

ஏம்மா,

ரிசல்ட் இன்னைக்கு சாயங்காலம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்து சட்டைகூட மாத்தாம எழுதுறேன். அவருக்கு இன்னும் சொல்லல. உனக்குத்தான் முதல்ல.

புற்றுநோய்தான். சின்னது. சுரப்பிக்குள்ளயே இருக்கு, வெளியே எங்கேயும் போகல. மெதுவா வளர்ற ரகம்னு சொன்னாங்க. ரெண்டு வழி இருக்காம். இப்போதைக்கு ஒண்ணும் பண்ணாம, தவறாம ரத்தம், ஸ்கேன்னு பார்த்துக்கிட்டே இருந்து, வளர்றாப்ல தெரிஞ்சா வைத்தியம் பண்ணலாம். இல்லேன்னா இப்போவே ஆபரேஷனோ ரேடியேஷனோ. யோசிச்சு வரச் சொல்லியிருக்காங்க, அடுத்த வியாழக்கிழமை.

உன்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டா, எனக்கே சரியா சொல்லத் தெரியல. அண்ணனை நீ பார்த்துக்கிட்ட விதத்தை நான் வாசப்படியில நின்னு பார்த்தேன். நல்லாத்தான் பார்த்துக்கிட்டே. ஆனா அவரை நீ புரட்டிப் படுக்க வைக்கிறப்போ உன் முகம் வேற மாதிரி ஆயிடும். டியூட்டியில இருக்கிற முகம். அந்த முகத்தோட என்னையும் நீ பார்த்துடக்கூடாதுன்னு இருந்துச்சு. அந்த ஆள்கிட்ட எனக்கு அந்தக் கவலை இல்ல, அவர் என்னை எப்படிப் பார்த்தா எனக்கென்ன? அதான் சொல்ல வந்துச்சு. நீ நினைக்கிற மாதிரி அது நெருக்கம் இல்லம்மா. அதுக்கு நேர் எதிர்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், சொல்லலேன்னா வெடிச்சிடுவேன். ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்தப்போ அவர் பேச்சுவாக்குல, "எங்க வண்டியில ஒரு சிஸ்டர் இருக்காங்க. என்ன கைராசி, என்ன பேச்சு! அவங்க வீட்டுக்காரன் குடுத்து வச்சவன். ஆனா அந்த ஆள் ஒரு முசுடாம், போன்ல கத்துவானாம்"னார். அந்த முசுடு நான்தான், அவர் பக்கத்துலயே உட்கார்ந்து தலையாட்டினேன். உள்ளுக்குள்ள கொதிக்குது. எழுந்து போகவும் முடியல, அவர்தான் என் செருப்பை எடுத்து வச்சிருந்தார்.

நான் யாருன்னு இப்போ அவருக்குச் சொல்லியிருப்பே. என்ன சொன்னார்?

ரெண்டு வழியில எதுன்னு என்னால முடிவு பண்ண முடியல. சும்மா விட்டா உள்ள ஒண்ணு உட்கார்ந்திருக்குங்கற நினைப்போட தினமும் வேலைக்குப் போகணும். ஆபரேஷன் பண்ணா அப்புறம் வர்ற சங்கடங்கள் இருக்கு, அதுல பாதி நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வர்றது. அதை நான் மட்டும் முடிவு பண்றது சரியில்ல.

பயமா இருக்கு. வந்துடு.

*

ஜூன் 2

என்னங்க,

லீவு சொல்லிட்டேன். புதன்கிழமை மதியம் பஸ்ஸுல வர்றேன். ஸ்டாண்டுக்கு வர வேணாம், நானே வந்துடுவேன். அப்படியும் நீங்க வந்தா திட்டவும் மாட்டேன்.

வாத்தியார்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். டீக் கோப்பையைக் கீழ வச்சார். அப்புறம், "முசுடுன்னு நானா சொன்னேன்?"னு கேட்டுட்டு, தலையில கையை வச்சுக்கிட்டு வெளியே போயிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கூட வரட்டுமான்னு கேட்டார். வேணாம்னுட்டேன். அவர் நல்லவர்தான், ஆயுசுக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கேன். ஆனா வியாழக்கிழமை டாக்டர் ரூம்ல உங்க பக்கத்து நாற்காலி என்னோடது. அதுல வேற யாரும் உட்காரக்கூடாது.

என் முகத்தைப் பத்தி எழுதியிருந்தீங்க. அண்ணனைப் புரட்டினப்போ அந்த முகத்தை வச்சுக்கிட்டதே, அழுதா அவர் பார்த்துடுவாரேன்னுதான். உங்க முன்னாடி அழறதா வேணாமான்னு வந்து பார்த்துக்கலாம்.

*

டிசம்பர் 5

நர்ஸம்மாவுக்கு,

போன்ல தினமும் பேசிக்கிறோம், இப்போ எதுக்குக் கடிதம்னு கேட்பே. போன்ல சொன்னா நீ நடுவுல புகுந்துடுவே, முழுசா சொல்ல விடமாட்டே.

உனக்கு லீவு கிடைக்கலியே, நீ இல்லாமலேயே இன்னைக்கு ஆறு மாசப் பரிசோதனைக்குப் போனேன். ரத்தத்துல அளவு போன தடவை மாதிரியே இருக்கு, ஏறல. ஸ்கேன்லயும் அந்த இடம் வளரல. அப்படியே பார்த்துக்கிட்டே போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நீயும் நானும் எடுத்த முடிவு இதுவரைக்கும் சரியாத்தான் போகுது. சில நாள் காலையில கண்ணு முழிச்சதும் அதான் முதல்ல ஞாபகம் வருது. அப்புறம் எங்கேயாவது ஒரு லிஃப்ட் நின்னு போச்சுன்னு போன் வரும், மறந்துடும்.

வாத்தியாரும் வந்திருந்தார், வெளியே பெஞ்சுல உட்கார வச்சேன். பக்கத்து நாற்காலியை நீ யாருக்கும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னதை அவர்கிட்ட சொன்னேன். "காலியா இருந்தாலுமா?"ன்னார். காலியா இருந்தாலும்னேன்.

இப்போ முக்கியமான விஷயம். ரத்தம் எடுக்க ஒரு புது நர்ஸ் வந்திருக்காங்க. சுருட்டை முடி, சிரிச்ச முகம். ஊசி போட்டதே தெரியல. "உங்க நரம்பு ரொம்ப நல்லா இருக்கு சார், உடனே கிடைச்சிடுச்சு"ன்னாங்க. இத்தனை வருஷத்துல என் நரம்பைப் பத்தி நீ ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. மார்ச்ல மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. நல்ல சட்டையா ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், நீலத்துல.

கூட வர்றதா இருந்தா இப்போவே லீவு எழுதிக் குடுத்துடு.

முசுடு